ஊட்டிப் பனியில் ஏஞ்சல் ட்ரம்பெட்: நாங்கள் செய்த தவறுகள்

தக்கலையில் எங்கள் கிணற்றடியில் நிற்கும் ஏஞ்சல் ட்ரம்பெட் என்ற பூச்செடியில் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி, தங்கச்சி ஊட்டிக்குக் கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் நட்டாள். முதல் டிசம்பரிலேயே செடி போய்விட்டது. குளிர் தாங்கவில்லை என்று அழுதாள். குளிரைவிட நாங்கள் இரண்டு பேரும் செய்த காரியங்கள்தான் அதை அழித்தன. இங்கிருந்து மலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் செடி கொடுத்தனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனிக்கு முன்னால் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னது நான்தான். முருங்கையை வெட்டிப் பழகிய கை. இதன் தண்டோ நீர் நிறைந்த மெத்தென்ற தண்டு. வெட்டுவாய் வழியாக ஈரம் இறங்கி, அழுகல் அடிவரை போய்விட்டது. இலை கருகினாலும் தண்டை அப்படியே விடுங்கள். பனி மேலிருந்துதான் கருக்கிக்கொண்டு வரும்; தண்டு உயரமாக இருந்தால் அடி தப்பிக்கும். இன்னொன்று, தண்டு இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு மேலேதான் பூக்கும். அதற்குக் கீழே வெட்டினால், வளர்ந்து மறுபடி கவட்டை விட்ட பிறகுதான் மொட்டைப் பார்க்கலாம். போத்தையும் கவட்டைக்கு மேலிருந்தே எடுங்கள், சீக்கிரம் பூக்கும்.

அடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் ஏற்கெனவே ஊறிய மண்ணில் அவள் தினமும் ஊற்றியிருக்கிறாள். இலை உதிர்ந்த செடி தண்ணீரை இழுக்காது. குளிர்ந்த சேற்றில் வேர் அழுகிவிடும். மண்ணை மேடாக்கி நடுங்கள். காப்பாற்ற வேண்டியது வேரைத்தான், அதனால் காய்ந்த சருகை ஒரு சாண் உயரத்துக்கு அடியில் மூடாக்காகப் போடுங்கள். நான் கொடுத்தனுப்பிய தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைத்துக் கெடுதலே செய்தது.

ஊட்டியில் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். முற்றத்தின் தாழ்ந்த மூலையில் நட்டது அதனால்தான் தப்பாகப் போனது. வெயில் படும் கல்சுவர் ஓரம் நல்லது, பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் விடும். இலையில் ஒட்டும்படி பாலித்தீன் போர்த்தாதீர்கள், தொட்ட இடமெல்லாம் கருகும். நாலு கம்பு ஊன்றி சாக்கோ பழைய சேலையோ போட்டு, காலையில் எடுத்துவிட வேண்டும். அக்டோபருக்கு மேல் உரம் வேண்டாம். இளந்தளிர்தான் பனிக்கு முதலில் பலியாகும்.

இரண்டாவது வருஷம் புதுப் போத்து நட்டு இதையெல்லாம் சரியாகச் செய்தும், மார்ச்சில் நின்றது ஒரு காய்ந்த குச்சிதான். பிடுங்கப் போனவளை போனில் தடுத்தேன். மண்ணோடு ஒட்டிய இடத்தில் நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னேன். தோலுக்கு அடியில் பச்சை, விரலில் ஈரப் பிசுபிசுப்பு. ஏப்ரல் கடைசியில் வேரடியிலிருந்து இரண்டு முளை வந்தது. அவசரப்பட்டுத் தோண்டிய செடிகள் எத்தனையோ!

வெட்டிய கிளைகளை ஆடு மேயும் இடத்தில் வீசாதீர்கள். ஊமத்தையின் உறவு இது; பூ, இலை, விதை எல்லாமே விஷம். சாறு பட்ட கையால் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். கையுறை போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

குளிர்நாட்டு ஆலோசனையை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படியே செய்வதும் தவறுதான். இங்கே டிசம்பரில் இலையைக் கழித்து இருட்டறையில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மழைத்தண்ணீர் வடிந்தால் போதும். வகையும் முக்கியம். நம்மூர் வெக்கைக்கு பிரேசில் கடற்கரைப் பக்கத்து வெள்ளை வகை ஒத்துக்கொள்ளும். தங்கச்சி பதிலுக்குக் கொடுத்த சிவப்பு வகை ஆண்டிஸ் மலையுடையது, ராத்திரிக் குளிர் அதற்குக் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு மொட்டுகூட விடாமல் வாடியதைப் பார்த்து, மிச்சமிருந்த போத்தை ஊட்டிக்கே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.