சொரியாசிஸ் அரிப்பா? வெட்பாலை தைலம் வீட்டுலயே போடலாம் வாங்க

முதல்லயே சொல்லிருதேன், சொரியாசிஸ் எண்ணெய் தேய்ச்சு ஒரேடியா தீருத வியாதி இல்ல. சாதாரணமா தோல் புதுசாகி உரிய ஒரு மாசம் போல ஆகும், இதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா தூண்டிவிட்டு நாலஞ்சு நாள்லயே செல் எல்லாம் மேல வந்து குமியுது, அதான் அந்த வெள்ளை செதில். தொட்டா ஒட்டாது, பந்தியில தள்ளி உக்காருத சொந்தக்காரங்ககிட்டயும் இத சொல்லி வைங்க. தைலம் செதில இளக்கும், வறட்சியயும் அரிப்பயும் கொறைக்கும், ராத்திரி சொறிஞ்சுக்கிட்டே முழிச்சு கெடக்கவங்களுக்கு அதுவே பெரிய விஷயம்லா.

ஸ்டெப் 1, இலை. வெட்பாலை மரத்த அடையாளம் பாக்க காயத்தான் பாக்கணும், ரெண்டு ரெண்டா நீளமா தொங்கும், கீழ நுனியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். இலைய கிள்ளுனா பால் வரும், ஆனா பால் வருதத எல்லாம் வெட்பாலைனு பறிச்சிட்டு வந்துராதீங்க. சந்தேகமா இருந்தா பாளையங்கோட்டை அரசு சித்தா காலேஜ் ஆஸ்பத்திரில காட்டி கேட்டுக்கிடுங்க, எப்படியும் அங்க ஒரு தடவ உடம்ப காட்டிட்டு ஆரம்பிக்கதுதான் நல்லது.

ஸ்டெப் 2. இலைய தொடச்சு ஈரம் போக நிழல்ல கொஞ்ச நேரம் போடுங்க, தண்ணி சேந்தா எண்ணெய் சிக்கு வாடை அடிச்சிரும். கையாலயே பிச்சு கண்ணாடி பாட்டில்ல போட்டு இலை முங்குத அளவு செக்கு தேங்காண்ணெய் ஊத்தணும். வாய வெள்ளத் துணியால கட்டி மொட்டமாடில வெயில்ல வைங்க, நம்ம ஊரு வெயிலுக்கு சொல்லவா வேணும், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா ஊதா ஏறி கடைசில நல்லா கத்திரிப்பூ கலருக்கு வந்து நிக்கும். ஒரு வாரம் போல வச்சு வடிகட்டிருங்க. மழை மூட்டமா இருக்கும்போது போடாதீங்க, பூஞ்ச பிடிச்சிரும்.

ஸ்டெப் 3. நேரா புண்ணுல தடவாம முழங்கை உள்பக்கம் நல்ல தோல்ல ஒரு சொட்டு தேய்ச்சு ஒரு நாள் விடுங்க. தடிச்சா, எரிஞ்சா வேண்டாம். ஒண்ணும் இல்லனா குளிக்கதுக்கு முன்ன படை மேல மெல்ல தடவி, காலை இளவெயில்ல பத்து நிமிஷம் இருங்க. வெயில் தோலுக்கு நல்லதுதான், ஆனா கருகுத அளவு நின்னா புதுசா கெளம்பும். வெடிச்சு ரத்தம் கசியுத இடத்துல தடவக்கூடாது. பழைய வேட்டி, பழைய துண்டு கட்டிக்கிடுங்க, கறை போகவே போகாது.

குளிக்க வெதுவெதுப்பான தண்ணி, சோப்புக்கு பதிலா பாசிப்பயறு மாவு. பீர்க்கங்கூடு வச்சு தேய்க்கவே கூடாது, செதில நகத்தால பிய்க்கவும் கூடாது, கீறுன கோட்டுலயே புதுசா படை வரும். துண்டால ஒத்தி எடுத்து ஈரம் காயுததுக்குள்ள தேங்காண்ணெய்யோ வாசலினோ போட்டுருங்க.

தண்ணி, சிகரெட்ட விடுங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய நீங்களா நிப்பாட்டாதீங்க, முக்கியமா ஸ்டீராய்டு, திடீர்னு விட்டா பயங்கரமா திருப்பி அடிக்கும். பேரு, லேபிள் இல்லாம "மூலிகை"னு விக்குத களிம்புலயும் சிலதுல அதே ஸ்டீராய்டு கலந்திருக்கும், ரெண்டே நாள்ல மாயமா மறைஞ்சா சந்தேகப்படுங்க. காலைல விரல் மூட்டு வீங்கி மடக்க முடியலனா தைலத்த நம்பி நாள் கடத்தாம டாக்டர பாருங்க, உடம்பு பூரா செவந்து குளிர் காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.