கூரை எழும்பும் பழைய வான் வாங்குவதென்றால் மழை நாளில் போய்ப் பாருங்கள்

வான் பார்க்கப் போகிறவர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் போவார்கள், பெயின்ட் ஒட்டு வெயிலில் தெரியும் என்பதால். பொப்-டொப் வானுக்கு, அதாவது கூரையைத் தூக்கி மேலே படுக்கை விரிக்கிற வானுக்கு, நான் சொல்வது இதுதான்: மழை விட்ட கையோடு போங்கள். மழை இல்லையென்றால் சொந்தக்காரரிடம் கேட்டு, கூரையை மூடி வைத்து, தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் மேலே தண்ணீர் அடியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். எஞ்சின் சாமான் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்கலாம், ஆனால் தண்ணீர் ஊறி உக்கிய கூரைக்கு அங்கே எந்தக் கடையிலும் சாமான் இல்லை. என் முதல் வானில் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, நுவரெலியாவில் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகளை நனைந்த மெத்தையிலிருந்து இறக்கி முன் இருக்கையில் படுக்க வைத்தேன்.

தண்ணீர் அடித்த பிறகு உள்ளே ஏறி முதலில் மூக்கால் பாருங்கள். பூஞ்சண வாடை வந்தால் வாசனைப் போத்தல் தொங்கவிட்டாலும் மறையாது. அப்புறம் மேல் படுக்கைப் பலகையின் ஓரங்களைப் பெருவிரலால் அழுத்துங்கள். நல்ல பிளைவூட் கல்லு மாதிரி இருக்கும், ஊறியது ஈரப் பாண் போல உள்வாங்கும். கூரையைத் தூக்கி, பக்கத்துக் கன்வஸ் துணிக்கு வெளியிலிருந்து ஒருவரை டோர்ச் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே இருந்து பாருங்கள். மடிப்பு விழுகிற இடங்களில் ஊசித் துளைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். துணி மட்டும் பழுதென்றால் பயப்பட வேண்டாம், முச்சக்கரவண்டிக்கு ஹூட் தைக்கிற குஷன் கடைகளில் பழைய துணியை அளவுக்குக் கொடுத்தால் நல்ல தையற்காரர் தைத்துத் தருவார். நுளம்பு வலையும் சிப்பும் சரியாக மூடுகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், டெங்கு ஊரில் இது சின்ன விஷயமில்லை.

கூரையைத் தூக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக எழும்ப வேண்டும். தூக்கி வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து முடியும்வரை நில்லுங்கள். மெல்ல இறங்கினால் கூரையைத் தாங்கும் காஸ் தண்டுகள் முடிந்துவிட்டன என்று அர்த்தம், அதை மாற்றலாம், ஆனால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கத்தரிபோல மடிகிற பிணைச்சலுக்குள் பிள்ளைகளின் விரல் போகாத மாதிரி, இறக்கும்போது ஒருவர் அவர்களைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

கறள் அடுத்தது. வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடற்கரையோரம் வருடக்கணக்காக நின்ற வான் என்றால், கூரை சேருகிற விளிம்பு, மழைநீர் ஓடும் கால்வாய், கதவுக்கு அடிப்பக்கம் மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். சாதாரண வானின் கூரையை வெட்டிப் பிறகு பொப்-டொப் பூட்டியிருந்தால் வெட்டிய விளிம்பு எப்படி மூடப்பட்டிருக்கிறது, சுற்றிவர இரும்புச் சட்டம் போட்டுப் பலப்படுத்தியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் வானின் உடம்பு நெளியாமல் நிற்பதில் கூரைக்கும் பெரிய பங்கு உண்டு.

எஞ்சின் விஷயத்தில் சூடுதான் முதல் எதிரி. 1995 முதல் 2005 வரை வந்த மஸ்தா பொங்கோ பிரெண்டி தொழிற்சாலையிலேயே எழும்பும் கூரையோடும் வந்தது, அதில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது; கூலன்ட் குறைந்து எஞ்சின் ஹெட் சூடேறுவது அதற்குப் பெயர்போன வருத்தம். எந்த வானாக இருந்தாலும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள், ஒயில் மூடியின் உட்பக்கம் பால்கோப்பி நிறத்தில் நுரை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு மத்தியான நேரத்தில் ஏசி போட்டுக் காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். முடிந்தால் கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம்வரை போங்கள், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது ஓட்டோ கியர் வானிலும் சின்னக் கியருக்கு மாற்றித்தான் இறங்க வேண்டும்; பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் அது பிடிக்காமல் போகும்.

பத்திரம் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வானில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் இருந்தால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் வேறு பெயர் இருக்கும். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு கைமாறி வந்த வான் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். கூரை மாற்றப்பட்டதென்றால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், காப்புறுதிக்காரரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். இலங்கையில் 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திறந்தது, அதனால் பழைய வானுக்கும் துணிந்து விலை சொல்கிறார்கள்.

முதல் பயணம் இரண்டு இரவு போதும். வான் ஓடும்போது பிள்ளைகள் முன்பக்கம் பார்த்த இருக்கையில் பெல்ட் போட்டு இருக்க வேண்டும், மேல் படுக்கையில் ஒருபோதும் வேண்டாம். கன்வஸுக்குக் கீழே காஸ் அடுப்பு எரிக்காதீர்கள், எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். ஹபரணைப் பக்கம் றோட்டோரமாக இரவில் நிறுத்திப் படுக்க வேண்டாம். யானை வரும், வானுக்குள் வாழைக்குலை இருந்தால் இன்னும் கிட்ட வரும். ஆடி, ஆவணியில் கல்பிட்டி மாதிரிக் காற்றடிக்கிற இடத்தில் வானின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்துங்கள், பலத்துவிட்டால் கூரையை இறக்கிவிட்டு எல்லோரும் கீழே படுங்கள்.

திரும்பி வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, மழையில் நனைந்து மூடிய கூரையை அன்றைக்கே மறுபடி தூக்கி, சிப் எல்லாம் திறந்து, மெத்தையை எடுத்து வெளியே நிமிர்த்தி வையுங்கள். கொழும்பு ஈரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தாலே கன்வஸில் கறுப்புப் புள்ளி விழத் தொடங்கிவிடும்.