பொதுநலச் சட்ட ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா?

சட்டப் படிப்பை முடித்த கையோடு பொதுநல ஃபெலோஷிப் (தொகை பெற்றுக்கொண்டு சில காலம் ஏழைகளுக்காகச் சட்டப்பணி செய்யும் வாய்ப்பு) தேடும் சென்னைத் தம்பி, தங்கைகளே, தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அது சம்பளமா உதவித்தொகையா என்று கேளுங்கள். வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49-இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. நீதிமன்றத்தில் வாதாட ஆசைப்பட்டுச் சேர்ந்தவருக்கு இது பின்னால் தெரியவந்தால் வலிக்கும். தருவது சம்பளமா உதவித்தொகையா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் "ஏழைகளுக்கு உழைக்க விரும்புகிறேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஒரு குடும்பத்தின் மடங்கிக் கிழிந்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை வரிவரியாகப் படித்து, அவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால், பெயரை மறைத்து அந்த மனுவையே விண்ணப்பத்துடன் இணையுங்கள். தமிழில் தெளிவாக மனு எழுதுவது பெரிய தகுதி. அதைக் கூச்சப்பட்டு ஒளிக்காதீர்கள்.

ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால், உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். கைதானவர்களுக்காக இலவசமாக வாதாடும் திட்டத்தில், 3 ஆண்டுக்குட்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கென்றே உதவி வழக்கறிஞர் பணியிடங்கள் உண்டு.