பிர்ராருங் கரையில் நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்போர்னில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் இறங்கி, ஆற்றோரமாக எம்சிஜி மைதானத்துக்கு நடந்து போகிறவர்கள் ஏராளம். வழியில் இருப்பது பிர்ராருங் மார் பூங்கா. யாரா ஆற்றுக்கு அதன் முதல் குடிகளான வுருன்ஜெரி மக்கள் வைத்த பெயர் பிர்ராருங். பாதிப் பேருக்கு அது மைதானத்துக்குப் போகும் குறுக்குவழி மட்டும்தான். முதல் தவறே அதுதான்.

பூங்காவில் பிர்ராருங் விலம் என்ற பகுதியைப் பாருங்கள். வளைந்து நெளிந்து போகும் ஒரு பாதை, விலங்குகளைச் செதுக்கிய பெரிய பாறைகள், ஆற்றைப் பார்த்தபடி அரைவட்டமாக நிற்கும் ஐந்து உலோகக் கேடயங்கள். பலர் கேடயத்தின் முன் நின்று படம் எடுத்துவிட்டு, காலடியில் இருக்கும் பாதையைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். அந்தப் பாதை ஒரு விலாங்கு மீன். இங்கே முகாமிட்டவர்களுக்கு விலாங்கு முக்கியமான உணவு. இந்த ஆற்று விலாங்குகள் பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, கடைசியில் கடலுக்கு இறங்கி, வெகுதூரம் வடக்கே பவளக்கடல் பக்கம் போய் முட்டையிட்டுச் சாகும். குஞ்சுகள் கடல் நீரோட்டத்தோடு திரும்பி வரும். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்த நெளிவு வெறும் அலங்காரமாகத் தெரியாது.

ஐந்து கேடயங்களும் கூலின் தேசம் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் ஐந்து குழுக்களைக் குறிப்பவை. இங்கேதான் அடுத்த தவறு வருகிறது: பூர்வகுடிகள் என்றால் எல்லாரும் ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே கலை என்று நினைத்துக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் வந்தபோது 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. டிஜிரிடூ ஊதுகுழல் வட ஆஸ்திரேலியாவின் வாத்தியம். புள்ளி ஓவியம் நடுப் பாலைவனத்து மக்களால் பெயர்பெற்றது. அவற்றை இந்தக் கரையில் தேடிவிட்டு ‘இங்கே ஒன்றுமே இல்லையே’ என்று சொல்வதில் நியாயமில்லை.

கரை ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று நம்புவதும் தவறு. பூங்கா திறந்ததே 2002-இல்தான். முன்பு அங்கே ரயில் நிலமும் சாலையும் இருந்தன. ஆறு கூட நேராக்கப்பட்ட ஆறுதான். 1900 வாக்கில் புதுக் கால்வாய் வெட்டியபோது துண்டாகிப்போன பழைய வளைவுதான் இன்று தாவரவியல் பூங்காவில் ஏரியாக நிற்கிறது. சற்றுக் கீழே, குயின் தெருப் பக்கம், உப்புநீரும் நன்னீரும் சந்தித்த பாறைத் திட்டு ஒன்று இருந்தது. மக்கள் ஆற்றைக் கடந்த இடமும் அதுவே. 1883-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆக, இங்கே கண்ணுக்குத் தெரிவதோடு தெரியாததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைதானத்தைச் சுற்றியுள்ள யாரா பூங்காவில் பட்டை உரித்த தடம் கொண்ட பழைய மரங்கள் உண்டு. தோணி, கேடயம், பாத்திரம் செய்யப் பூர்வகுடிகள் செங்கோந்து (ரெட் கம்) என்ற யூகலிப்டஸ் மரத்தின் பட்டையை உரித்து எடுப்பார்கள். மரம் சாகாது; காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை உதடு போலத் தடித்து உள்ளே சுருளும். தீயால் வந்த தழும்பு பெரும்பாலும் தரையிலிருந்தே கிளம்பி, அடியில் அகன்று மேலே குறுகும். மனிதர் உரித்தது பொதுவாக நீள்வட்டமாக, தரைக்கு மேலேயே முடிந்துவிடும். இது தெரியாமல் ‘பட்டுப்போன மரம்’ என்று கடந்துவிடுகிறார்கள். தெரிந்தவர்களோ வேறு தவறு செய்கிறார்கள்: தழும்புக்குள் கையை விட்டுத் தடவுகிறார்கள், குழந்தையை அதில் சாய்த்துப் படம் எடுக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தாலே போதும். வழியில் விசேஷமான கல் கிடந்தால் எடுத்துப் பையில் போடவும் வேண்டாம். விக்டோரியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மரங்களுக்கும் பழைய கல் கருவிகளுக்கும் சேதம் செய்வது குற்றம்.

சரி, சக்கர நாற்காலியோடு வருபவர்கள், ஊரிலிருந்து வந்த வயதான அப்பா அம்மாவை அழைத்துவருபவர்கள் கவனத்துக்கு: ‘எல்லாருக்கும் ஏற்ற பாதை’ என்பதை முழுக்கச் சமதளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீர்மட்டப் பாதை சுகமானது. ஆனால் பூங்கா அடுக்கடுக்கான மேடைகளாக இருப்பதால், மேலே ஏறும் சரிவுகளில் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். விலாங்குப் பாதையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. சக்கரம் அதிரும், மெதுவாகப் போங்கள். மைதானத்துக்குப் போக வில்லியம் பாராக் பாலம் இருக்கிறது. 525 மீட்டர் நீளம், நடுவில் படி கிடையாது. வில்லியம் பாராக் 1903-இல் மறைந்த வுருன்ஜெரி தலைவர். ஓவியர், கொரண்டர்க் என்ற பூர்வகுடிக் குடியிருப்பைக் காக்க அரசோடு போராடியவர். பாலத்தில் ஏறும் முன் அந்தப் பெயரை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அப்புறம், ஆற்றுப்பாதை சைக்கிள்காரர்களுக்கும் சொந்தம். இடப்பக்கமாகப் போங்கள், நாலு பேர் வரிசைகட்டி நடந்தால் மணியடி கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

என் கணக்கில் பெரிய தவறு, வழிகாட்டி இல்லாமல் பலகையை மட்டும் படித்துத் திரும்புவது. ஃபெடரேஷன் சதுக்கத்திலேயே கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற பூர்வகுடிப் பண்பாட்டு அமைப்பு இருக்கிறது. பூர்வகுடி வழிகாட்டிகள் இந்தக் கரையோரமாக அழைத்துப் போவார்கள். முன்பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்கலாம், தாராளமாக. ‘ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்’ என்று மட்டும் கேட்காதீர்கள். படம் எடுக்கும் முன் அனுமதி வாங்குங்கள்.

எந்த நாளில் வருவது என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் டென்னிஸ் கூட்டம், மார்ச்சில் மூம்பா திருவிழா, பிறகு செப்டம்பர் வரை ஆஸ்திரேலியக் கால்பந்துச் சனிக்கிழமைகள். அந்த நாட்களில் சக்கர நாற்காலியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. வேலைநாள் காலையில் வாருங்கள்.