தப்பாக வாசித்தால் ஒரு கைதட்டு

அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து, ஒலிநூலாக இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸ் 2005-இல் தொடங்கியது. பேக்கன், எமர்சன் கட்டுரைகளெல்லாம் அங்கே காதால் கேட்கலாம். பதிவுகளும் பப்ளிக் டொமைன், அதாவது பொதுச் சொத்துதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நீங்களும் வாசிக்க ஆசைப்பட்டால் எடுத்த எடுப்பில் முழு நூலில் கை வைக்காதீர்கள். 'ஷார்ட் நான்ஃபிக்‌ஷன் கலெக்‌ஷன்' வரிசைக்குப் பிடித்த சிறு கட்டுரை ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். முதலில் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு கேட்பார்கள். குரல் தேர்வோ என்று பயப்பட வேண்டாம். ஒலி அளவும் இரைச்சலும் சரியா என்றுதான் பார்ப்பார்கள்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள் (வேர்த்தால் வேர்க்கட்டும்). நாக்கு தடுக்கினால் பதிவை நிறுத்தாமல், சத்தமாக ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால், தட்டிய இடம் அலைவடிவத்தில் முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதையும் அதற்கு முந்தைய தப்பான வரியையும் வெட்டினால் சரி. முழுப் பதிவையும் திரும்பக் கேட்டுத் தேடும் வேலை மிச்சம்.

கடைசியில் 5 விநாடி மௌனம் விட மறக்காதீர்கள். சரிபார்ப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள்.