மீன் தீனியில் மூலிகை: வன்னியில் நாம் தவிர்க்க வேண்டிய பிழைகள்

இலைதானே, வேர்தானே, மீனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பில்தான் முக்கால்வாசிப் பிழைகளும் தொடங்குகின்றன. கோயிலடியிலும் குளக்கரையிலும் நிற்கும் இலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் சப்போனின் என்றொரு பொருள் இருக்கிறது, அது செவுள் வழியாக உள்ளே போய் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தியாவில் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் கிடக்கும் விரால் போன்ற வேட்டை மீன்களைக் கொல்ல இதைத்தான் போடுகிறார்கள்: ஒரு ஹெக்டேயர் பரப்பில் ஒரு மீற்றர் தண்ணீர் நின்றால் 2000 முதல் 2500 கிலோ. நஞ்சு அடங்க இரண்டு, மூன்று கிழமை பிடிக்கும். வேப்பெண்ணெயும் அளவு கூடினால் மீனைச் சாய்க்கும். மரவள்ளி இலையில் சயனைட்டு, இபில் இபில் இலையில் மிமோசின் என்ற நஞ்சு. பப்பாசி விதை திலாப்பியாவின் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கக்கூடியது, ஆகவே தாய்மீன் வளர்ப்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

அதற்காக மூலிகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் வளர்ச்சிக்காகத் தீனியில் அன்டிபயோட்டிக் கலப்பதை முற்றாக நிறுத்தியது. மீன் வளர்ப்பிலும் மருந்துக்குப் பதிலாக உள்ளி, மஞ்சள், இஞ்சி, கொய்யா இலை, முருங்கை இலை எல்லாவற்றையும் உலகம் முழுக்கச் சோதித்துப் பார்க்கிறார்கள், சிலவற்றில் நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. எல்லாம் நம் வளவுக்குள் கிடைக்கும் சாமான்கள், அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்த பிழை அளவு. பச்சை, தூள், சாறு மூன்றும் ஒன்றல்ல. கிலோ தீனிக்கு 5 முதல் 10 கிராம் என்று ஓரிடத்தில் உள்ளிக்கு எழுதியிருந்தால் அது பெரும்பாலும் காய்ந்த தூளின் கணக்கு. பச்சை உள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், ஆகவே அதே 10 கிராமைப் பச்சையாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் சேரும். வடித்து வற்றவைத்த சாறு என்றால் கதை தலைகீழ், ஒரு கிராம் சாற்றுக்குப் பின்னால் பத்து, இருபது கிராம் இலை இருக்கலாம். யூரியூப்பில் யாரோ சாற்றுக்குச் சொன்ன அளவைத் தூளுக்கும், தூளுக்குச் சொன்னதைச் சாற்றுக்கும் மாற்றிப் போட்டுவிட்டு மூலிகை வேலை செய்யவில்லை என்று சொல்வது சரியில்லை. கூடப் போட்டால் கூட வளரும் என்பதும் இல்லை. முருங்கை இலையை ஒரு எல்லைக்கு மேல் சேர்த்தால் வளர்ச்சி குறைகிறது. திலாப்பியாவில் செய்த ஒரு ஆய்வில் தீனியின் புரதத்தில் நூற்றுக்குப் பத்து வரை முருங்கை இலையால் ஈடுசெய்தபோது பாதிப்பில்லை, அதைத் தாண்டியபோது வளர்ச்சி பின்வாங்கியது.

உள்ளியை அவிக்கவும் கூடாது. அதன் வீரியமான அலிசின் உள்ளியை நசுக்கும்போதுதான் உண்டாகிறது, முழுப் பல்லாகச் சூடாக்கினால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் கலந்தால் போதும்.

கலப்பதிலும் கவனம் வேண்டும். மஞ்சள் தூளைத் தீனிக்கு மேல் சும்மா தூவிவிட்டுப் போடுகிறார்கள். ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து அந்தத் தீனியில் பத்துக் குறுணியைப் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கிக் குறுணி பழைய நிறத்தில் அடியில் கிடந்தால், உங்கள் மஞ்சள் மீனுக்குப் போகவில்லை, குளத்துக்குத்தான் போகிறது. மஞ்சளின் வீரியமான பொருள் குர்குமின், அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கிலோ தீனிக்கு 20 மில்லிலீற்றர் அளவில் எண்ணெய் எடுத்து, தூளை அதில் குழைத்து, தீனியில் எல்லாப் பக்கமும் படும்படி பிரட்டி, நிழலில் உலரவிடுங்கள். எண்ணெய் கட்டுபடியாகாவிட்டால் தடித்த அரிசிக் கஞ்சி, உலர மட்டும் நேரம் கூட எடுக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்களில் குஞ்சு விட்டு மீன் பிடிக்கும் சங்கங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே மீன் குளத்தில் இருப்பதைத் தின்று வளர்கிறது, நாம் தீனி போடுவதில்லை. அந்தத் தண்ணீர் வயலுக்கும் மாட்டுக்கும் போகிற தண்ணீர், அதில் எதையும் கரைக்க யாருக்கும் உரிமையில்லை. இது தோட்டக் குளம், தொட்டி, கூடு வைத்துத் தீனி போட்டு வளர்ப்பவர்களுக்கான விஷயம். அங்கேயும் இலையைக் கட்டுக்கட்டாகத் தண்ணீரில் எறிவது பெரும் பிழை: இலை அழுகும்போது ஒட்சிசனைத் தின்றுவிடும், விடியப்புறம் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதை நோய் என்று நினைத்து இன்னும் இரண்டு கட்டு எறிந்தால் பொழுது ஏற மிதக்கும். அந்த நேரத்தில் வேண்டியது புதுத் தண்ணீரும் காற்றும்தான், தீனியையும் நிறுத்துங்கள்.

நோய் வந்தபின் தொடங்குவதும் பிரயோசனமில்லை. நோயான மீன் முதலில் நிறுத்துவது தீனியை, தின்னாத மீனுக்குத் தீனி வழியாக மருந்து எப்படிப் போகும்? மாரி மழையோடு தண்ணீர் குளிர்ந்து விராலுக்கும் ரோகுவுக்கும் உடம்பில் புண் வரும் காலம் நமக்குத் தெரிந்ததே. எதிர்ப்புச் சக்திக்காகக் கொடுப்பதை அதற்கு இரண்டு, மூன்று கிழமை முன்பே தொடங்க வேண்டும், ஆண்டு முழுக்கக் கொடுத்தாலும் பலன் மங்கிவிடும். புண் வந்துவிட்டால் நக்டாவின் (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) விரிவாக்க உத்தியோகத்தரிடம் மீனைக் காட்டுங்கள்.

இலை எங்கே பறித்தது என்பதையும் பாருங்கள். மிளகாய்த் தோட்டத்து வேலியில், மருந்தடித்த வயல் வரம்பில் பறித்த இலை வேண்டாம், பூச்சிமருந்துகளில் சில மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. காயாத தூளை உரப்பையில் கட்டி மாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கடலைப் புண்ணாக்கிலும் அப்படித்தான். அதிலிருந்து வரும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வெயிலில் மறுபடி காயவைத்தாலும் போகாது.

கடைசியாக, ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்புவது. ஒரே தொகுதிக் குஞ்சை இரண்டு வலைக்கூட்டில் சம எண்ணிக்கையில் விட்டு, ஒன்றுக்கு மட்டும் மூலிகை கலந்து, போட்ட தீனியையும் ஏறிய எடையையும் கொப்பியில் எழுதுங்கள். வெறும் தீனி 150 கிலோ போட்டு 100 கிலோ எடை ஏறியது, மஞ்சள் கலந்ததில் அதே 100 கிலோவுக்கு 140 கிலோ போனது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10 கிலோ தீனி. கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் 1.4 கிலோ மஞ்சளும், 2.8 லீற்றர் எண்ணெயும் செலவாகியிருக்கும். அவற்றின் விலை அந்த 10 கிலோ தீனியின் விலையைத் தாண்டினால், மீன் சாவும் இரண்டு கூட்டிலும் ஒன்றுபோல் இருந்தால், அந்த மூலிகையை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.