ஸ்கூல்ல ஈகோ கிளப் ப்ராஜெக்ட் பண்ணணுமா? மொட்டைமாடிக்குப் போங்க முதல்ல

ஈகோ கிளப்னாலே, அதான் ஸ்கூல் சுற்றுச்சூழல் மன்றம், சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு வேப்பங்கன்னு, அதைச் சுத்தி பத்து பேர், ஒரு போட்டோ, அவ்ளோதான். அடுத்த மாசம் அந்தக் கன்னு உசுரோட இருக்கான்னு எட்டிப் பாக்க ஆள் இருக்காது. சென்னைல படிக்கற பசங்களுக்கு இதைவிட உருப்படியான வேலை ஒண்ணு இருக்குங்க, உங்க ஸ்கூல்ல இருக்கற மழைநீர் சேகரிப்பு நிஜமாவே வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கறது. 2003லயே தமிழ்நாடு முழுக்க கட்டாயம்னு கொண்டு வந்துட்டாங்க, அதனால எங்கயோ ஒரு குழியும் பைப்பும் அனேகமா இருக்கும், ஆனா குழி இருக்கறது வேற, மாடில விழற மழைத்தண்ணி பைப் வழியா அதுக்குள்ள போய்ச் சேர்றது வேற.

எப்ப ஆரம்பிக்கறதுன்னா ஜூலைல. நமக்கு முக்கியமான மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்கு பருவமழைதான், நடுவுல காலாண்டு பரிட்சை வேற வந்துடும், சோ ஆகஸ்ட்டுக்குள்ள சர்வே முடிச்சு செப்டம்பர்ல க்ளீனிங் முடிஞ்சிருக்கணும். மழை வந்தப்புறம் பைப்பைத் தேடிப் பிரயோஜனம் இல்ல.

ஹெச்எம் கிட்ட வாயால கேக்காதீங்க, ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, என்னைக்கு மாடிக்குப் போறோம், கூட எந்த சார் இல்ல மிஸ் வர்றாங்க, எத்தனை பேர், இவ்ளோ போதும். அப்புறம் வாட்ச்மேன் அண்ணாவையும் வழக்கமா வர்ற ப்ளம்பர் அண்ணாவையும் பிடிங்க. எந்த பைப் எங்க போகுதுன்னு ஆபீஸ்ல இருக்கற ப்ளானைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், அடிக்கடி ப்ளான் ஒண்ணா இருக்கும் கட்டினது வேறயா இருக்கும்.

இப்ப மாடி. டீச்சர் இல்லாம ஏறக்கூடாது, கைப்பிடிச் சுவர் மேல ஏறவே கூடாது. தண்ணி இறங்கற ஓட்டை எல்லாத்துக்கும் சாக்பீஸ்ல நம்பர் போடுங்க, ஒரு பேப்பர்ல மாடியை மேப் மாதிரி வரைஞ்சு அதுலயும் அதே நம்பரைக் குறிச்சுக்கங்க. காஞ்ச இலை, புறா இறகு, எப்பவோ தொலைஞ்சுபோன டென்னிஸ் பால், எல்லாம் அங்கதான் அடைச்சுக்கிட்டு இருக்கும், அதை எடுத்துட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தணும், கீழ ரெண்டு பேர் நின்னு எங்க வெளிய வருதுன்னு பாக்கணும். மேலருந்து ஒருத்தன் "ஊத்திட்டேன்டா"ன்னு கத்த, கீழ இருக்கறவங்க அங்கயும் இங்கயும் ஓட, இந்த ப்ராஜெக்ட்லயே ஜாலியான பார்ட் இதுதான். தண்ணி குழிக்கு வந்துச்சுன்னா மேப்ல பச்சை, நேரா ரோட்டு கால்வாய்க்குப் போச்சுன்னா சிவப்பு, எங்கயுமே வரலன்னா நடுவுல அடைப்பு, அதுக்கு மஞ்சள். இந்த மேப்தான் உங்க ப்ராஜெக்ட், மத்ததெல்லாம் அதுக்கு மேல சும்மா அலங்காரம்னே சொல்லலாம்.

குழிக்கு வந்தா, மூடியைத் திறக்கறது பெரியவங்க வேலை. உள்ள கூழாங்கல், ஜல்லி, மணல்னு அடுக்கா இருக்கும், மேல சேறு படிஞ்சிருந்தா தண்ணி இறங்காது. நாலு பக்கெட் ஊத்தி வாட்ச்சைப் பாருங்க, ரொம்ப நேரம் தேங்கி நின்னா மேல்மணலை எடுத்துக் கழுவி மறுபடி போடச் சொல்லணும். கிணறு, சம்ப், குழி எதுக்குள்ளயும் பசங்க யாரும் இறங்கக்கூடாது, தலையை உள்ள விட்டுப் பாக்கறது கூட வேணாம். சாக்கடை நாத்தம் வந்தா அங்கயே நிறுத்திட்டு போய்ச் சொல்லுங்க, கழிவுநீர் லைன் கலந்திருந்தா நிலத்தடி தண்ணியையே கெடுத்துடும். மூடில இடைவெளி இருந்தா கொசுவலை கட்டச் சொல்லுங்க, டெங்கு கொசுக்கு தேங்கி நிக்கற நல்ல தண்ணிதான் பிடிக்கும்.

மண்ணும் ஏரியாவுக்கு ஏரியா மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், ஊத்தின உடனே உறிஞ்சிடும், களிமண் இருக்கற ஏரியால மெதுவாத்தான் இறங்கும், அங்க வெறும் குழி பத்தாது, களிமண்ணைத் தாண்டி கீழ போற மாதிரி நடுவுல ஒரு போர் போடணும். பக்கத்து ஸ்கூல்ல பண்ணதை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

கணக்கு ரொம்ப ஈஸி. ஒரு சதுர மீட்டர் மாடில ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்கு சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, உங்க மாடி 500 சதுர மீட்டர்னா 7 லட்சம் லிட்டர், ஆவியாகறது சிந்தறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சாலும் 5 லட்சத்து 60 ஆயிரம். 12,000 லிட்டர் லாரில கணக்கு போட்டா 46 லோடு! ஸ்கூல் ஒரு லோடுக்கு என்ன குடுக்குதுன்னு ஆபீஸ்ல கேட்டு பெருக்கி அந்த நம்பரை மேப்லயே பெருசா எழுதுங்க, ரிப்பேர் காசு கேக்கும்போது அதுதான் பேசும். 2015 டிசம்பர்ல முங்கின ஊர், 2019ல பூண்டி, சோழவரம், ரெட்ஹில்ஸ், செம்பரம்பாக்கம்னு குடிதண்ணி குடுக்கற ஏரி நாலும் வத்திப்போய் ஜோலார்பேட்டைல இருந்து ட்ரெயின்ல தண்ணி கொண்டு வந்துச்சு, அது ஹெச்எம்முக்கும் நல்லா ஞாபகம் இருக்கும்.

மழை ஆரம்பிச்சதும் அளக்கணும். ரெண்டு லிட்டர் பாட்டில் மேல்பாகத்தை வெட்டி தலைகீழா அதுலயே சொருகுங்க, அடில கூழாங்கல் போட்டு நேரா இருக்கற இடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க பூஜ்ஜியம்னு கோடு போட்டு ஸ்கேலை ஒட்டினா மழைமானி ரெடி. மரத்தடில வெக்காதீங்க. தினமும் காலைல எட்டரைக்குப் பாருங்க, வானிலை மையமும் அந்த டைம்லதான் அளக்கறாங்க, அப்பதான் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் கணக்கோட ஒப்பிட முடியும், ரெண்டுக்குமே எவ்ளோ வித்தியாசம் வருதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். ஸ்கூல்ல கிணறு இருந்தா வாரம் ஒருநாள், மோட்டார் போடறதுக்கு முன்னாடி, மூடி இருக்கற கம்பிவலை வழியா கயித்துல எடை கட்டி இறக்கி நீர்மட்டம் எழுதுங்க, இதுக்கும் பக்கத்துல டீச்சர் இருக்கணும்.

ஒழுகற குழாய், ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணி இதையெல்லாம் சேத்துக்கலாம், ஆனா முதல் வருஷமே எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்க.

கடைசியா டீம். பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு பப்ளிக் எக்ஸாம், டிசம்பருக்கு மேல கண்ணுலயே பட மாட்டாங்க. ஒம்பதாவது பசங்க பொறுப்பு எடுத்து, ஏழாவது எட்டாவதுல இருந்து ஆளுக்கு ஒருத்தரைக் கூட வெச்சுக்கங்க. நோட்டையும் மேப்பையும் யார் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக விடாதீங்க, சயின்ஸ் லேப் பீரோல வெச்சுப் பூட்டுங்க, அடுத்த ஜூலைல அதே ஓட்டை நம்பர்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.